கட்டை மேல் நின்று ஓடிய கெஸ்ட்ரல்

1992 அக்டோபர் முதல் தேதி, மிச்சிகன் மாநிலம் கார்வர் ஃபால்ஸில், வெர்னா ஷிவெக்கின் ஷெட்டுக்குள் நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்ற ஒரு பச்சைக் கார் காலையிலிருந்து மாலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு மைல் ஓடியது. எஞ்சினில் இன்னும் ஆயில் ஊற்றவில்லை. டாங்கில் பெட்ரோல் இல்லை. சக்கரங்கள் தரையைத் தொடவும் இல்லை, சுற்றவும் இல்லை. மைல் மீட்டரில் எண்கள் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தன, முன்கண்ணாடியில் பூச்சிகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டின. சாயங்காலம் ஆறு மணிக்கு மட்கார்டின் உள்பக்கம் ஈரச் சேறு பூசியிருந்தது. வெர்னா அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, ஷெட்டின் கூரை ஒழுகுகிறதா என்று முதலில் பார்த்தாள். அந்த மாதம் எங்கள் ஊரில் மழையே இல்லை.

வெர்னாவின் தொழில், இல்லாத உதிரிபாகங்களைச் செய்வது. டால்பர்ட் கம்பெனி கெஸ்ட்ரல் என்ற மசில் காரை, அதாவது பெரிய எஞ்சின் வைத்த வேகக் காரை, எங்கள் ஊர்த் தொழிற்சாலையில்தான் தயாரித்தது. 1974-இல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. கார்கள் போகவில்லை. டெக்சஸிலிருந்து ஸ்வீடன்வரை எத்தனையோ பேர் துருப்பிடித்த கெஸ்ட்ரல்களைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, இடது மட்கார்டு கிடைக்குமா, பின்விளக்கு வளையம் கிடைக்குமா என்று வெர்னாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். கிடைக்காது, ஆனால் செய்து தருவேன் என்பாள். தகட்டை அடித்து, வளைத்து, அச்சு வார்த்து அவள் செய்து கொடுத்ததைப் பழையதன் பக்கத்தில் வைத்தால், எது எதுவென்று செய்தவளுக்கே குழம்பும். இந்தத் தொழிலில் வெளியாருக்குப் புரியாத ஒன்று உண்டு. பழைய கார்க் கண்காட்சியில் நடுவர்கள், அழகாக இருந்தால் மார்க் குறைப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அங்கே ஒருவன் அவசரத்தில் வெல்டிங்கைக் கோணலாக வைத்திருந்தால் இங்கேயும் கோணல் வேண்டும். பரிசோதகர் மஞ்சள் மெழுகுக்கோலால் கிறுக்கியிருந்தால் அந்தக் கிறுக்கல் வேண்டும். கதவின் அடியில் பெயின்ட் ஏழு சொட்டு ஒழுகியிருந்தால், வெர்னா அளந்து ஏழு சொட்டு ஒழுகவிடுவாள். எட்டாவது ஒழுகினால் முழுக் கதவையும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவாள். பைத்தியம்தான். ஆனால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பைத்தியம் இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருக்கை தைக்கும் எவரெட் டப்ஸ் அவளுக்குக் கூட்டாளி, கண்காட்சிகளில் நடுவரும்கூட. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்திருப்பார். கல்யாண வீட்டில்கூடக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்ப்பார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். இந்த இருவரும் தங்களுக்கென்றே ஒரு கார், நூற்றுக்கு நூறு வாங்கும் ஒரு கெஸ்ட்ரல், செய்யக் கிளம்பினார்கள். இந்தியானாவில் ஒரு பண்ணையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கெஸ்ட்ரலின் வெற்றுக் கூட்டை இழுத்து வந்தார்கள். பின் இருக்கையின் சுருள்வில்லுக்குள் மடித்துச் செருகிய தயாரிப்புச் சீட்டு கிடைத்தபோது எவரெட் தொப்பியைக் கழற்றிவிட்டார். எந்த நிறம், எந்த எஞ்சின், ரேடியோ உண்டா இல்லையா, எல்லாம் எழுதிய தொழிற்சாலைச் சீட்டு அது. பச்சை, வெள்ளைப் பட்டை, ரேடியோ வேண்டாம் என்றது சீட்டு. ஆனால் கூட்டின் இடுக்குகளில் இருந்ததோ சிவப்புப் பெயின்ட்.

“கூடு செவப்பா இருக்கே வெர்னா, பேப்பர் பச்சைங்குதே.”

“கூட்டுக்கு என்னய்யா தெரியும்? பேப்பர் பொய் சொல்லாது.”

பேப்பர் பொய் சொல்லவில்லை, இடம் மாறியிருந்தது. தொழிற்சாலை ஆட்கள் கையில் அகப்பட்ட சீட்டை அகப்பட்ட இருக்கைக்குள் திணித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும், ஊரில் பாதிப் பேர் திணித்தவர்கள்தான். ஆனாலும் நடுவர்கள் கேட்பது சீட்டைத்தானே. இருவரும் தொழிற்சாலை வரிசையில் அடுத்ததாக வந்த வேறொரு காரை, அதுதான் என்று தெரியாமலேயே, நான்கு வருடம் அணு அணுவாகச் செய்தார்கள். கடைசி உருப்படியாக, ஓட்டுநர் கதவின் வாசற்படியில் பதிக்கும் அலுமினியப் பட்டையை வெர்னா திருகி முடித்தபோதுதான் பூஜ்யத்தில் இருந்த மைல் மீட்டர் 4,118-க்குத் தாவியது. பிறகு ஓட ஆரம்பித்தது.

செய்தி பரவ ஒரு நாள் போதுமாக இருந்தது. மூன்றாம் நாள் பள்ளிப் பேருந்து ஓட்டும் லோரேன் ப்ரூயிட், பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே ஷெட்டுக்கு வந்தாள். எல்லோரும் காரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். அதில் இருந்த வண்டி எண்ணைச் சத்தமாக, இரண்டாம் முறை பார்க்காமலேயே, கடைசிவரை சொல்லி முடித்தாள். அந்த எண்ணை எழுதி ஐம்பது மாநிலங்களின் வண்டிப் பதிவு அலுவலகங்களுக்கும் அவள் கடிதம் போட்டிருந்தாள். அது அவளுடைய தம்பி லைலின் கார்.

லைல் போனது 1970 அக்டோபர் முதல் தேதி. வியட்நாமுக்கு வரச்சொல்லி ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது, போகமாட்டேன் என்றான். அப்பா ஏற்கனவே ஒரு போருக்குப் போய் வந்தவர், போகாதவனுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்றார். லோரேன் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். தம்பி அண்ணாந்து அவளைத்தான் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவளை அரித்தது அவன் போனதுகூட அல்ல, அந்தச் சொல்லாத ஒரு வார்த்தைதான். அவன் உயிரோடு இருக்கிறானா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. இப்போது, அவன் போன அதே தேதியில், அவன் கார் இன்னொரு முறை புறப்பட்டிருந்தது.

ஏன், எப்படி என்று பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டார்கள். வெர்னா சொன்ன பதிலைத்தான் இன்றுவரை ஊரும் சொல்கிறது: “அச்சு அசலா செஞ்சேன். ரெண்டும் ஒண்ணுதான்னு அதுவே நம்பிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?” பல்கலைக்கழகத்தார் டோனட் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கணக்கை லோரேன்தான் கண்டுபிடித்தாள். நமக்கு ஒரு நாள் என்றால் காருக்கு ஒரு வாரம். டாஷ்போர்டுக் கடிகாரத்தின் முட்கள் ஏழு மடங்கு வேகத்தில் சுற்றின. ஆக, 1970-இல் புறப்பட்டவனை இங்கிருந்தே நாள்தோறும் பின்தொடரலாம். அதற்குப் பிறகு கார்வர் ஃபால்ஸில் யாரும் தொலைக்காட்சி பார்த்ததாக நினைவில்லை. காலையில் வேலைக்குப் போகும்முன் ஷெட்டில் எட்டிப் பார்ப்பது, மாலையில் காபி ஃபிளாஸ்க்கோடு வந்து உட்கார்வது. சுவரில் ஒரு பெரிய வரைபடம், அதில் குண்டூசிகள். பைன் இலை ஒட்டியிருக்கிறது, வடக்கே போகிறான், கனடாதான். பம்பரில் உப்புப் பூத்திருக்கிறது, அங்கே சாலையில் பனி. சிவப்பு மண் ஒரு வாரம், கோதுமை உமி மூன்று வாரம். பந்தயம் கட்டினார்கள், சண்டை போட்டார்கள். முப்பது வருடம் பேசிக்கொள்ளாமல் இருந்த இரண்டு பேர் ஒரு வெட்டுக்கிளி எந்த மாநிலத்தது என்று வாதாடியதில் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கே அந்த நாட்களில் தூக்கம் கொள்ளாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பானெட்டில் ஆலங்கட்டி விழுந்த குழிகள், ஷெட்டுக்குள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டப் டப்பென்று விழுந்தபோது அத்தனை பேரும் கைதட்டினோம். லோரேன் மட்டும் காரின் கூரையைக் கையால் மறைக்கப் பார்த்தாள்.

இதில் பாவம் எவரெட். அவருக்கு அழுக்கு ஆகாது. ஒரு முறை துருப்பிடித்த ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு, யாருக்கும் தெரியாமல் பளபளவென்று வேறொன்றைப் போட்டார். உடனே மைல் மீட்டர் நின்றது, கடிகாரம் நின்றது. வெர்னா மூன்று மணி நேரம் காரைத் துருவி அந்தப் போல்ட்டைக் கண்டுபிடித்து, பழையதைத் திருகிய பிறகுதான் எண்கள் நகர்ந்தன.

“இன்னொரு தடவ கைய வச்சீங்க, ஒங்க கைய நான் கழட்டிருவேன்” என்றாள் லோரேன்.

“துரு இருந்துச்சும்மா...”

“இருக்கட்டும்! அது எந்தம்பி துரு!”

ஆக, அசலிலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் தொடர்பு அறுந்துவிடும் என்று அன்று தெரிந்துகொண்டோம்.

1993 செப்டம்பரில், காருக்கு 1977 ஜூன் நடந்துகொண்டிருந்தபோது, மைல்கள் மளமளவென்று ஏறின. வரைபடத்தில் ஊசிகள் கிழக்கே திரும்பின. ராணுவத்துக்குப் போகாதவர்களுக்கு அரசாங்கம் மன்னிப்புக் கொடுத்த வருடம் அது. லோரேன் எழுந்து நின்றுவிட்டாள். அந்த ஜூன் மாதத்தில்தான் அவள் அப்பா இறந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, மைல் மீட்டர் நின்றது. கூரையிலும் பானெட்டிலும் ஊதா நிறக் கறைகள் ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று விழுந்தன. மல்பெரிப் பழம். எங்கள் ஊரில் தெருவை ஒட்டி நிற்கும் மல்பெரி மரம் ஒன்றுதான், அது லோரேனின் வீட்டு வாசலில். கறைகள் நான்கு நிமிடம் விழுந்தன. அங்கே அது அரைமணி நேரம். பிறகு மைல்கள் மறுபடி நகர்ந்தன, மேற்கே.

“வந்திருக்கான்” என்றாள் லோரேன். “அப்பா அடக்கத்தன்னிக்கு. வாசல்வரைக்கும் வந்துட்டு... நான் உள்ள சாண்ட்விச் வெட்டிக்கிட்டு இருந்திருக்கேன். மணி அடிக்கலியே, பாவி.”

அவள் அழுததை ஊர் அன்றுதான் முதலில் பார்த்தது. எவரெட் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, மல்பெரிக் கறை பெயின்ட்டைத் தின்றுவிடும் என்று தெரிந்தும், தொடாமல் நின்றார். அந்த மனிதரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் அடுத்த ஏப்ரலில் அவரால் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் தேவாலயத்தில் இருந்த நேரத்தில், பத்து வாரப் புழுதி படிந்த டிக்கியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். கழுவினால் தொடர்பு அறுவதில்லை, ஆனால் அந்தப் புழுதியை வைத்துத்தான் ஊசி குத்துவோம். லோரேன் கத்திய கத்தலில் ஷெட்டுக்கு வெளியே நாய்கள் ஓடின.

“கழுவச் சொல்லி எழுதியிருந்துச்சு!” என்றார் எவரெட், மூக்கெல்லாம் சிவந்து. “புழுதி மேல வெரலால, ‘என்னைக் கழுவு’ன்னு! எழுதியிருக்கறத நான் எப்படி மீறறது?”

“யாருய்யா எழுதினா? நம்ம பசங்களா?”

“நம்ம பசங்க இல்ல. பாத்துக்கிட்டே இருந்தேன், ஆளே இல்லாம எழுத்து எழுத்தா வந்துச்சு. கோணக்கா மாணக்கான்னு, ரொம்பக் கீழ... இந்தா, இந்த ஒயரத்துல.”

அவர் கையை வைத்துக் காட்டிய உயரம் முழங்காலுக்குச் சற்று மேல். பம்பருக்கு நேர் மேலே. பெரியவர்கள் யாரும் அங்கே குனிந்து எழுதமாட்டார்கள். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் அந்த உயரத்தைப் பார்த்தோம். லோரேன் எவரெட்டின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுக் குழந்தை, பள்ளிப் பேருந்து ஓட்டுபவளுக்கு அந்த உயரம் தெரியாதா! சோப்பு நுரை வடிய நின்ற மனிதரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, “எனக்கு மருமவ இருக்காய்யா!” என்று தெருவரைக்கும் கேட்கச் சொன்னாள். மருமகனாக இருக்கக்கூடாதா என்று யாரோ கேட்டதை அவள் காதில் வாங்கவில்லை. பொண்ணுதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் ஓடின, அதாவது எங்களுக்கு மாதங்கள். பின் இருக்கையில் ஐஸ்கிரீம் கறை. கார்க் கணக்கில் 1984-இல் ஒரு மான் வந்து வலது மட்கார்டில் மோதியது, ரத்தமும் ரோமமும் ஒட்டின, கண்ணாடி உடையவில்லை. மட்கார்டு பிறகு தானே நிமிர்ந்துகொண்டது. நிமிர்த்தியவன் டிங்கரிங் வேலையில் சுமார் என்று வெர்னா சொன்னாள். ஆப்பிள் பூ இதழ்கள் ஒவ்வொரு வசந்தமும் வந்ததால் ஊசி கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே நின்றது. எங்கள் கணக்கில் 1995 பிப்ரவரியில் மைல்கள் நின்றுபோயின. ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம். டயர்களில் காற்று இறங்கியது, சக்கரத்தின் அடியில் புல் முளைத்தது, பலகைத் தரையில். கூட்டம் குறைந்தது. வருகிறவர்களும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். லோரேன் மட்டும் தினமும் வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை டயர்கள் புஸ்ஸென்று நிமிர்ந்து, மீட்டரில் ஒரே ஒரு மைல் ஏறியபோது தீயணைப்பு வண்டிக்காரர்கள் சைரனை அடித்துவிட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து உதவிக்கு இரண்டு வண்டிகள் வந்தன.

இப்படி ஏழு மடங்காக ஓடும் நேரம் ஒருநாள் நம் நேரத்தை எட்டிப் பிடிக்க வேண்டுமே. லோரேன் பேருந்து வழித்தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்: 1996 ஜூன் முதல் தேதி, சனிக்கிழமை. அதற்குப் பிறகு இந்தக் கார் நாளைய தூசியைக் காட்டுமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. வெர்னாவின் யோசனை வேறாக இருந்தது. அங்கே நடந்தது இங்கே வருகிறது, நேரம் ஒன்றாகும் அந்தக் கணத்தில் இங்கே செய்வது அங்கே போகாதா? பழைய கார்களுக்கு நகல் பாகம் செய்கிறவர்கள் அதில் எங்காவது தங்கள் பேரைப் பொறிப்பது வழக்கம். அசலுக்குத் துரோகம் என்று வெர்னா இந்தக் காரில் பொறிக்கவே இல்லை. இப்போது பொறிக்கலாம் என்றாள்.

“ஆனா கேளு கண்ணு. பொறிச்சு முடிச்ச நிமிஷம் இது நகல் ஆயிரும். அவ்ளோதான், அறுந்துரும். எழுத்து அங்க போச்சா இல்லியான்னு நமக்குத் தெரியவே தெரியாது. பொறிக்காம விட்டா சாவறவரைக்கும் அவன் தூசியப் பாத்துக்கிட்டு இருக்கலாம். நீ சொல்லு.”

லோரேன் மூன்று நாள் யோசித்தாள். மூன்றே முக்கால் வருடமாக அவளுக்குத் தம்பி என்றால் அந்தக் காரின் மேல் இருந்த சேறுதான். அதையும் விட்டுவிட்டு ஒன்றுமில்லாமல் போவதா? நான்காம் நாள் வந்து, “ஒரு தடவ சும்மா நின்னது போதும். சுத்தியலக் குடுங்க” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஊரே ஷெட்டுக்குள் இருந்தது. உள்ளே இடமில்லாதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். காலை பத்து இருபதுக்கு டாஷ்போர்டு முட்கள் தளர்ந்தன, தளர்ந்து, சுவர்க் கடிகாரத்தோடு ஒரே தாளத்தில் துடித்தன. “இப்ப!” என்றாள் வெர்னா. லோரேன் மண்டியிட்டு, வாசற்படியின் அலுமினியப் பட்டையில், தினமும் கால் வைத்து ஏறுகிறவன் கண்ணில் படும் இடத்தில், எஃகு எழுத்து அச்சுகளை ஒவ்வொன்றாக வைத்து அடித்தாள். எவரெட் எழுத்துகளை வரிசையாக எடுத்துக் கொடுத்தார், கோணலாகப் போகிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. *லைல். அதே வீடு. மணி அடி. லோரேன்.* கடைசி எழுத்து பதிந்ததும் கடிகாரம் நின்றது. மைல் மீட்டர் நின்றது. பானெட்டில் கையை வைத்துப் பார்த்தோம், வெறும் தகடு. லோரேன் சுத்தியலைத் துடைத்து, ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பதினோரு நாள். ஊசிகளை யாரும் வரைபடத்திலிருந்து பிடுங்கவில்லை, புதிதாகக் குத்தவும் ஒன்றுமில்லை. பேருந்தில் பிள்ளைகள்கூடச் சத்தம் போடாமல் உட்கார்ந்து போனார்கள் என்கிறார்கள். ஜூன் பன்னிரண்டு, காலை பத்து மணிக்கு, லோரேன் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. ஒருமுறை அல்ல, விரலை எடுக்காமல், நீளமாக.

வாசலில் நரைத்த தாடியோடு ஒருவன் நின்றான். மல்பெரி மரத்தடியில் பச்சைக் கார், வெள்ளைப் பட்டை, வலது மட்கார்டு சற்று நெளிவு. அதில் சாய்ந்துகொண்டு இருபது வயதுப் பெண் ஒருத்தி. வந்தவன் கையில் கழற்றிய அலுமினியப் பட்டை இருந்தது. இருபத்தாறு வருடத்துக்கான சொற்களை இரண்டாயிரம் மைல் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பான் போல, வாயில் வந்தது வேறு.

“அக்கா, கார்ல... எழுத்து மொளச்சுது” என்றான்.

லோரேனின் வாய் அப்போதும் அவளுடையதுதான்.

“டேய், அந்த மான் இடிச்சப்போ ஒனக்கு அடிபட்டுச்சா இல்லியா? மொதல்ல அதச் சொல்லு.”

“இல்லக்கா. லேசா. தோள்ல.”

“அந்தப் பதினாலு மாசம்? புல்லு மொளைக்கற அளவுக்கு?”

“காலு ஒடஞ்சு கெடந்தேன்.”

“நெனச்சேன். அப்புறம், பின் டயர்ல ஒரு வருஷமா காத்து கம்மியா ஓட்டற. பொண்ண வேற ஏத்திக்கிட்டு.”

அவன் திரும்பி டயரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “ஒனக்கெப்படிக்கா தெரியும்?”

“பாத்துக்கிட்டுதான்டா இருந்தேன்” என்றாள் லோரேன்.

லைல் தலையை ஆட்டினான். அதற்கு மேல் அதைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை. பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டான். மூவரும் உள்ளே போனார்கள், காபி போட்டார்கள். பதினொரு மணிக்கு எவரெட் ஒரு வாளியோடு வந்து, யாரையும் கேட்காமல், காரைக் கழுவ ஆரம்பித்தார்.